கையெழுத்தை எண்ணாமலே கதவடைப்பதா?

2024 ஜூலை 5 அன்று, அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத் தலைநகரான லிட்டில் ராக்கில், அரசு மாளிகைக்குள் அட்டைப் பெட்டிகள் வரிசையாக வந்து இறங்கின. உள்ளே இருந்தவை மனுத் தாள்கள். அந்த மாநிலத்தில் கர்ப்பிணியின் உயிருக்கு ஆபத்து என்றால் தவிர கருக்கலைப்புக்கு இடமில்லை. இந்தத் தடையைத் தளர்த்தலாமா என்று நவம்பர் தேர்தலில் மக்களிடமே கேளுங்கள் என்பதுதான் மனு. தேவைப்பட்டவை 90,704 கையெழுத்துகள்; வந்து சேர்ந்தவை 1,01,525.

ஐந்தே நாளில், ஜூலை 10 அன்று, தேர்தல் பொறுப்பை வகித்த மாநிலச் செயலாளர் ஜான் தர்ஸ்டன் மனுவை மொத்தமாகத் தள்ளுபடி செய்தார். கையெழுத்துகள் போலி என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, சரிபார்ப்பே தொடங்கியிருக்கவில்லை. கூலிக்கு அமர்த்தப்பட்டுக் கையெழுத்து வாங்கியவர்களுக்கு விதிமுறைக் கையேட்டைக் கொடுத்து விளக்கிவிட்டோம் என்று மனுதாரர் ஒப்பமிட்டுத் தரவேண்டிய சான்று பெட்டிகளோடு வரவில்லை. அதுதான் காரணம்.

கருக்கலைப்புக் கூடாது என்று உறுதியாக நம்புகிற வாசகர்களும் இதைப் படிக்கிறார்கள் என்பதை அறிவோம். அவர்களையும் சேர்த்தே கேட்கிறோம்: கேள்விக்கு என்ன பதில் என்பதை மக்கள் முடிவுசெய்யலாம், கேள்வியையே மக்களிடம் கொண்டுபோகலாமா கூடாதா என்பதை, அந்தக் கேள்வியை வெறுக்கும் அதிகாரி முடிவுசெய்யலாமா? அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் இன்று இதுதான் நடந்துகொண்டிருக்கிறது. இதை ஒரு மாநிலத்தின் அலுவலகத் தகராறு என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்திய அரசியலமைப்பில் இல்லாத உரிமை இது என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் வாக்காளர்கள் கையெழுத்திட்டால், சட்டமன்றத்தின் தயவு இல்லாமலே ஒரு சட்டத்தையோ அரசியலமைப்புத் திருத்தத்தையோ வாக்குச்சீட்டில் ஏற்றலாம். பெரும்பான்மை ஆதரித்தால் அது சட்டம். 1898இல் தெற்கு டகோட்டா இதை முதலில் ஏற்றது; 1902இல் ஓரிகன்; 1910இல் ஆர்கன்சா; 1911இல் கலிபோர்னியா. கலிபோர்னியாவில் அதற்கு ஒரு கதை உண்டு. சதர்ன் பசிபிக் ரயில்வே கம்பெனியின் பிடியில் மாநில அரசியலே சிக்கிக் கிடந்த காலம் அது. கம்பெனியை எதிர்த்து நின்று ஆளுநரான ஹைரம் ஜான்சன், சட்டமன்றம் விலைபோனாலும் மக்களுக்கு ஒரு வழி இருக்கட்டும் என்று இந்த உரிமையைக் கொண்டுவந்தார். சட்டங்களுக்கான இத்தகைய உரிமையோ அரசியலமைப்புத் திருத்தத்துக்கான உரிமையோ இன்று 24 மாநிலங்களில் இருக்கிறது.

அந்த வழி பயன்பட்டும் இருக்கிறது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவக் காப்பீட்டை விரிவுபடுத்த மறுத்த சட்டமன்றங்களை மீறி, 2018இல் ஐடஹோ, நெப்ராஸ்கா, யூட்டா மக்களும், 2020இல் ஓக்லஹோமா, மிசௌரி மக்களும், 2022இல் தெற்கு டகோட்டா மக்களும் தாங்களே வாக்களித்து அதைக் கொண்டுவந்தார்கள். 2018இல் ஆர்கன்சாவில் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தும் மனு 68 சதவீத ஆதரவோடு வென்றது. இவையெல்லாம் குடியரசுக் கட்சியின் கோட்டைகள். ஒரே கட்சிக்கு ஓட்டுப் போட்டுக்கொண்டே அந்தக் கட்சி மறுத்ததை மனு வழியாக மக்கள் வாங்கிக்கொள்கிறார்கள். ஆட்சியில் இருப்பவர்களின் எரிச்சலுக்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

மனுக்களை அரசு பரிசீலிக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பரிசீலனை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2022இல் மிச்சிகன் காட்டியது. அந்த ஆண்டு ஆளுநர் வேட்பாளர் ஆக விரும்பியவர்கள் கொடுத்த நியமன மனுக்களைத் தேர்தல் அலுவலக ஊழியர்கள் தாள் தாளாகப் பார்த்தார்கள். ஒரே கையில் எழுதியதுபோலப் பக்கம் பக்கமாக ஓடும் கையெழுத்துகள். வாக்காளர் பட்டியலில் உள்ள மாதிரியோடு ஒட்டாத ஒப்பங்கள். கையெழுத்து சேகரித்தவர்களில் 36 பேர் கொடுத்த தாள்களில் மட்டும் குறைந்தது 68,000 செல்லாதவை என்று கண்டார்கள். குடியரசுக் கட்சியின் ஐந்து பேர் போட்டியிலிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. பரிசீலனை என்றால் இதுதான். ஒவ்வொரு கையெழுத்தாகப் பார்ப்பது, பொய்யைத் தள்ளுவது, மெய்யை எண்ணுவது.

அதே மிச்சிகன், அதே ஆண்டு, இரண்டே மாதம் தள்ளி நடந்ததையும் பாருங்கள். இனப்பெருக்க உரிமைக்கான திருத்தத்தைக் கோரி ஏழரை லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்துகள் வந்தன. தேவை 4,25,059. ஊழியர்கள் சரிபார்த்து, ஏறத்தாழ 5,96,000 செல்லும் என்று அறிக்கை கொடுத்தார்கள். அதன் பிறகு மனு மாநிலச் சரிபார்ப்பு வாரியத்துக்குப் போனது. வாரியத்தில் கட்சிக்கு இருவராக நான்கு பேர். மனுத் தாளில் அச்சிட்டிருந்த திருத்த வாசகத்தில் சில வரிகளில் சொற்களுக்கு இடையே இடைவெளி விழாமல் எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன என்று எதிர்ப்பாளர்கள் ஆட்சேபித்தார்கள். எழுத்து எதுவும் விட்டுப்போகவில்லை, வரிசை மாறவில்லை. ஆனாலும் குடியரசுக் கட்சி உறுப்பினர் இருவரும் எதிர்த்தார்கள். 2க்கு 2 என்று வாரியம் முடங்கியது. மாநில உச்ச நீதிமன்றம் 5க்கு 2 என்ற தீர்ப்பில் மனுவை வாக்குச்சீட்டில் ஏற்ற உத்தரவிட்டது. நவம்பரில் அது ஏறத்தாழ 57 சதவீத ஆதரவோடு நிறைவேறியது. அச்சுக்கோப்பில் விழாமல் போன இடைவெளியைக் காட்டி, ஆறு லட்சம் வாக்காளர்களின் கோரிக்கையைக் கிடப்பில் போட இரண்டு பேரால் முடிந்திருக்கும். நீதிமன்றம் தலையிட்டதால்தான் நடக்கவில்லை.

ஆர்கன்சாவில் நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. கூலிக்குச் சேகரித்தவர்களின் பெயர்ப் பட்டியலையும் அதோடு சான்றையும் ஜூன் 27 அன்றே அனுப்பியிருக்கிறோம், தாக்கல் செய்த நாளில் குறை எதுவும் சொல்லப்படவில்லை என்பது மனுதாரர் குழுவின் வாதம். கூலிக்குச் சேகரித்தவை ஏறத்தாழ 14 ஆயிரம்தான். மற்றவை முழுக்கத் தன்னார்வலர்கள் வாங்கியவை. அவற்றையாவது எண்ணுங்கள் என்று ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எண்ணினார்கள்: 87,675. தேவைக்கு 3,029 குறைவு. மீதியைச் சேர்த்தால் தாராளமாகத் தேறும். ஆனால் ஆகஸ்ட் 22 அன்று நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் செயலாளரின் முடிவை உறுதிசெய்து, அந்த மீதியைச் சேர்க்க வழியில்லை என்றது. கருத்து மாறுபட்ட நீதிபதி கேரன் பேக்கர், இந்த ஒரு வாக்கெடுப்பை மட்டும் மக்களிடம் போகவிடாமல் தடுப்பதில் ஏன் இத்தனை முனைப்பு என்று தம் தீர்ப்பில் கேட்டார். பெரும்பான்மைத் தரப்பிடம் அதற்குத் திருப்தியான பதில் இல்லை என்பதே நம் எண்ணம்.

கையெழுத்து குறைந்தால் மேலும் சேகரிக்க 30 நாள் அவகாசம் தரும் ஏற்பாடு ஆர்கன்சா அரசியலமைப்பிலேயே இருக்கிறது. முதல் சரிபார்ப்பில் தேவையானதில் முக்கால் பங்கு தேறினால் போதும், அந்த அவகாசம் கிடைக்கும். கையெழுத்துக் குறைபாட்டுக்கே இவ்வளவு இரக்கம் காட்டுகிற மாநிலத்தில், ஒரு சான்றுத் தாளைத் திருத்தி வாங்கிக்கொள்ள ஒரு நாள்கூடத் தரவில்லை. வங்கியில் கடன் மனுவில் ஒரு தாள் குறைந்தால் போய்க் கொண்டுவாருங்கள் என்கிறார்கள். ஒரு லட்சம் வாக்காளர்களுக்கு அந்த மரியாதைகூட இல்லையா?

எண்ணிக்கையில் மட்டும் இந்த வேலை நடப்பதில்லை. வாக்குச்சீட்டில் என்ன எழுதுவது என்பதும் அதிகாரிகளின் கையில்தான் இருக்கிறது. மிசௌரியில் 2023இல் கருக்கலைப்பு உரிமை மனுவுக்குச் சுருக்கம் எழுத வேண்டியவர் மாநிலச் செயலாளர் ஜே ஆஷ்கிராஃப்ட். அவர் அப்போது ஆளுநர் பதவிக்கும் போட்டியில் இருந்தார். ஆபத்தான, கட்டுப்பாடே இல்லாத கருக்கலைப்பை அனுமதிக்கச் சம்மதமா என்ற பொருளில் அவர் சுருக்கம் எழுதினார். அதற்கு முன்பே இன்னொரு முட்டுக்கட்டை விழுந்திருந்தது. மனுவால் அரசுக்கு ஆகும் செலவைக் கணக்கிடுவது மாநிலத் தணிக்கையாளரின் வேலை. அவரும் குடியரசுக் கட்சிக்காரர்தான். நேர்மையாகக் கணக்குப் போட்டு, உள்ளாட்சிகளுக்கு ஆண்டுக்கு 51,000 டாலர் என்றார். அட்டர்னி ஜெனரல் ஆண்ட்ரூ பெய்லி அதை ஏற்க மறுத்து, கோடிக்கணக்கில் காட்டச் சொல்லி அடம்பிடித்தார். அவருக்கு அந்த அதிகாரமே இல்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்ல ஜூலை ஆயிற்று. சுருக்கத்தைக் கீழ்நீதிமன்றம் மாற்றி எழுதி, மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்ய அக்டோபர் முடிந்தது. மார்ச்சில் கொடுத்த மனுவுக்குக் கையெழுத்து வாங்கும் வேலை அடுத்த ஜனவரியில்தான் தொடங்கியது. மே முதல் வாரத்தில் கெடு. வழக்கில் தோற்றாலும் மாதங்களைத் தின்றுவிட முடியும் என்பது இந்த அதிகாரிகளுக்குத் தெரியும். அத்தனையும் தாண்டி வாக்குச்சீட்டு அச்சாகும் தறுவாயில், 2024 செப்டம்பர் 9 அன்று ஆஷ்கிராஃப்ட் மனுவின் அங்கீகாரத்தையே திரும்பப் பெற்றார். மறுநாளே உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நவம்பரில் மக்கள் மனுவை நிறைவேற்றினார்கள்.

ஒஹாயோவில் 2024இல் நடந்தது இதைவிட மோசம். கட்சிகளின் ஆதாயத்துக்காகத் தொகுதி எல்லைகளை வளைத்து வரைவதை ஒழிக்க, பொதுமக்களைக் கொண்ட ஆணையம் அமைக்க வேண்டும் என்பது மனு. மாநில வாக்குச்சீட்டு வாரியமோ, இந்த ஆணையம் எல்லைகளைக் கட்சி ஆதாயத்துக்கு வளைத்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தப்படும் எனப் பொருள்படும் வாசகத்தை வாக்குச்சீட்டில் ஏற்றியது. நோய்க்குக் கொடுத்த மருந்தின் சீட்டில் நோயின் பெயரையே எழுதி ஒட்டிவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்று அந்த வாசகத்தின் பெரும்பகுதியை அப்படியே விட்டது. மனு தோற்றது. தோல்விக்கு அந்த வாசகம் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் வாக்குச்சாவடியில் நின்று, சீட்டில் உள்ளதைப் படித்து முடிவெடுத்தவர்களுக்கு அரசாங்கமே தவறான தகவலைக் கொடுத்தது என்பது உறுதி. அதே மாநிலத்தில் மனுவின் சுருக்கம் நியாயமானது, உண்மையானது என்று அட்டர்னி ஜெனரல் சான்று தந்தால்தான் முதல் படியே ஏற முடியும். அவர் மறுத்தால் சுருக்கத்தைத் திருத்தி, மறுபடியும் 1,000 பேரிடம் கையெழுத்து வாங்கி, வரிசையின் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு கட்சியின் மீது மட்டும் பழிபோட்டு ஒதுங்க முடியாது. ஜனநாயகக் கட்சி ஆளும் கலிபோர்னியாவில் தலைப்பை எழுதுபவர் கட்சி சார்பில் தேர்ந்தெடுக்கப்படும் அட்டர்னி ஜெனரல். 2018இல் பெட்ரோல் மீதான வரி உயர்வை ரத்து செய்யக் கோரிய மனுவுக்கு, சாலைப் பராமரிப்பு நிதியை ஒழிப்பது என்று தலைப்பிட்டார்கள். வரி என்ற சொல்லே தலைப்பின் முதல் வரியில் இல்லை. ஜார்ஜியாவின் அட்லாண்டா நகராட்சியும் அந்தக் கட்சியிடம்தான் இருக்கிறது. போலீஸ் பயிற்சி மையத்தை எதிர்த்து 2023 செப்டம்பரில் 1,16,000 கையெழுத்துகளோடு வந்தவர்களிடம், கெடு முடிந்துவிட்டது என்று சொல்லி நகராட்சி சரிபார்க்க மறுத்தது. அதிகாரம் யார் கையில் இருந்தாலும் இந்தச் சபலம் ஒன்றுதான்.

எல்லாவற்றிலும் நம்மை அதிகம் கவலைப்படுத்துவது, தோற்ற பிறகு விதியை மாற்றும் வழக்கம். ஆர்கன்சாவில் 15 கவுன்ட்டிகளில் (மாவட்டங்களில்) குறிப்பிட்ட அளவு கையெழுத்து வாங்கினால் போதும் என்று இருந்தது. அதை 45 ஆக உயர்த்தும் திருத்தத்தை 2020இல் சட்டமன்றம் மக்கள் முன் வைத்தது. மக்கள் தோற்கடித்தார்கள். 2022இல் மனுக்கள் வெல்ல 60 சதவீத வாக்கு வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார்கள். அதையும் தோற்கடித்தார்கள். 2023இல் சட்டமன்றம் சாதாரணச் சட்டம் ஒன்றின் மூலம் 50 கவுன்ட்டிகள் என்று ஆக்கிவிட்டது. மாநிலத்தில் மொத்தம் 75தான். மக்களிடம் கேட்டு வாங்க முடியாததை மக்களைக் கேட்காமலே எடுத்துக்கொண்டதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

2025இல் அங்கே மேலும் சட்டங்கள் வந்தன. ஜூலை வெயிலில் உழவர் சந்தை வாசலில் மனுப் பலகையோடு நிற்கும் ஒரு தன்னார்வலரை நினைத்துப் பாருங்கள். அந்தச் சட்டங்களின்படி, கையெழுத்திட வருபவரிடம் அவர் முதலில் புகைப்பட அடையாள அட்டையைக் கேட்க வேண்டும். மனுவில் மோசடி செய்வது குற்றம் என்று எச்சரிக்க வேண்டும். பல நூறு சொற்கள் வரை நீளக்கூடிய வாக்குச்சீட்டுத் தலைப்பு முழுவதையும் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும், அல்லது வந்தவர் படித்து முடிக்கும்வரை கண்ணெதிரே நிற்க வேண்டும். கையில் காய்கறிப் பையும் இடுப்பில் குழந்தையுமாக வந்தவர் எத்தனை நிமிடம் நிற்பார்? ஒரு கையெழுத்துக்கே இந்தப் பாடு என்றால் 90 ஆயிரம் கையெழுத்துக்கு எத்தனை பேர், எத்தனை மாதம்? பெண் வாக்காளர் கழகம் கூட்டாட்சி நீதிமன்றத்தில் இந்தச் சட்டங்களை எதிர்த்து வழக்குத் தொடுத்தது.

ஃபுளோரிடாவும் இதே பாதையில் போகிறது. அங்கே திருத்தம் நிறைவேற 60 சதவீதம் வேண்டும். அந்த விதியே 2006இல் 58 சதவீதத்துக்கும் குறைவான வாக்கில் வந்தது என்பதை இப்போது யாரும் பேசுவதில்லை. 2024இல் கருக்கலைப்பு உரிமைத் திருத்தத்துக்கு 57 சதவீதம் பேர் ஆதரவாக வாக்களித்தும் அது தோற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்த வாக்கெடுப்புக்கு முன்பே, மனுவில் கையெழுத்திட்ட சிலரின் வீட்டுக் கதவை அரசு போலீசார் தட்டி, கையெழுத்து உங்களுடையதுதானா என்று விசாரித்தார்கள். அடுத்த ஆண்டே ஆளுநர் ரான் டிசாண்டிஸ் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். நிரப்பிய படிவங்களை ஒப்படைக்க இருந்த 30 நாள் 10 நாளாகக் குறைந்தது. தம் படிவத்தையும் நெருங்கிய குடும்பத்தார் படிவங்களையும் தவிர 25 படிவங்களுக்கு மேல் பதிவு செய்யாமல் வைத்திருந்தால் கிரிமினல் குற்றம். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிய ஓய்வுபெற்ற ஆசிரியை வழக்குக்குப் பயந்து வாழ வேண்டும் என்றுதானே இதற்கு அர்த்தம்?

இந்த மனு முறையைப் பெரும் பணக்காரர்கள் தங்களுக்குச் சாதகமாக வளைக்கிறார்கள், அதனால் கடிவாளம் தேவை என்ற வாதம் ஒன்று உண்டு. அதில் உண்மை இருக்கிறது. 2020இல் கலிபோர்னியாவில் ஊபரும் மற்ற செயலி நிறுவனங்களும் ஓட்டுநர்களை ஊழியர்களாகக் கருதாமலிருக்க 20 கோடி டாலருக்கு மேல் கொட்டி ஒரு மனுவை வெல்ல வைத்தன. ஆனால் மேலே சொன்ன கெடுபிடிகளில் எது ஊபரை நிறுத்தும்? வழக்கறிஞர் படையும் கையெழுத்து சேகரிக்கும் கம்பெனியும் வைத்திருப்பவர்களுக்கு 50 கவுன்ட்டி ஒரு பொருட்டல்ல. சாவது மரத்தடியில் மேசை போட்டு உட்காரும் தன்னார்வக் குழுக்கள்தான். பணத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை மனுத் தாளிலேயே அச்சிடச் சொல்லலாம். அதைச் செய்வதற்கு இந்தச் சட்டமன்றங்கள் இவ்வளவு அவசரம் காட்டியதில்லை.

செய்ய வேண்டியது ஒன்றும் புதிரல்ல. கையெழுத்துகளை எண்ணாமல் எந்த மனுவையும் தள்ளக் கூடாது. போலியான கையெழுத்தைத் தள்ளலாம். போலி செய்தவரைச் சிறைக்கும் அனுப்பலாம். அதற்காக உண்மையாகக் கையெழுத்திட்டவரைத் தண்டிக்கக் கூடாது. உடனிணைப்புத் தாள்களில் குறையிருந்தால் எழுத்தில் சொல்லி, திருத்த அவகாசம் தர வேண்டும். வாக்குச்சீட்டு வாசகத்தை, அதே தேர்தலிலோ அடுத்த தேர்தலிலோ வேட்பாளராக நிற்கப்போகிறவர் எழுதக் கூடாது. ஓரிகனில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த சாதாரண வாக்காளர்கள் சிலர் உட்கார்ந்து, இரு தரப்பையும் விசாரித்து, மனுவைப் பற்றி விளக்கக் குறிப்பு எழுதும் முறையை 2010இல் சோதித்து அடுத்த ஆண்டே சட்டமாக்கினார்கள். மற்ற மாநிலங்கள் பார்த்துப் படிக்கலாம். மனு முறையைக் கடுமையாக்கும் எந்த விதியும் மக்கள் வாக்கெடுப்பில் தேறாமல் நடைமுறைக்கு வரக் கூடாது.

இவற்றை அலட்சியம் செய்தால் முடிவு என்ன என்பதற்கு மிசிசிப்பி சாட்சி. 2020இல் அங்கே மருத்துவக் கஞ்சா மனுவை மக்கள் பெரும்பான்மையோடு நிறைவேற்றினார்கள். 2021 மே 14 அன்று மாநில உச்ச நீதிமன்றம் அதை 6க்கு 3 என்று செல்லாததாக்கியது. நாடாளுமன்றத் தொகுதி ஒவ்வொன்றிலிருந்தும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கையெழுத்து எடுக்கக் கூடாது என்பது அரசியலமைப்பு விதி. ஐந்து தொகுதி இருந்த காலத்தில் எழுதியது. 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் மாநிலத்துக்கு நான்கு தொகுதிகள்தான். நான்கிலிருந்து ஐந்து பங்கு எடுக்க முடியாது, எனவே எந்த மனுவும் செல்லாது என்றது தீர்ப்பு. ஒரே வரியைத் திருத்தினால் தீர்ந்துவிடும். 2022, 2023, 2024, 2025 என்று நான்கு கூட்டத் தொடர்கள் போயின, சட்டமன்றம் திருத்தவில்லை. உரிமை ஏட்டில் இருக்கிறது, மனு போட வழியில்லை.

அமெரிக்கக் குடியுரிமை பெற்று ஒஹாயோவிலும் மிச்சிகனிலும் கலிபோர்னியாவிலும் வாக்குரிமையோடு வாழும் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. மாநிலச் செயலாளர், அட்டர்னி ஜெனரல் என்றால் சீட்டின் கீழ்ப்பகுதியில் வரும் முக்கியமில்லாத பதவிகள் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2026 நவம்பரில் இந்த மூன்று மாநிலங்களிலும் ஆர்கன்சாவிலும் மாநிலச் செயலாளர் பதவிக்குத் தேர்தல். உங்கள் கட்சி எதுவாக இருந்தாலும், ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: உங்களுக்குப் பிடிக்காத மனு வந்தாலும் கையெழுத்துகளை எண்ணுவீர்களா? எண்ணுவேன் என்று தெளிவாகச் சொல்லாதவருக்கு ஓட்டுப் போடாதீர்கள்.